தை மாதக் கல்யாணமும் ஏறு நெற்றியும்: மருந்தா, நடுவதா, விட்டுவிடுவதா?

அக்கா வீட்டுக் குளியலறைச் சல்லடையில் ஆடி மாதம் முழுக்க இரண்டு பேருடைய முடி சேர்ந்தது. நீளமானது அக்காவுடையது, கட்டையானது அவள் மகனுடையது. மதுரையில் அந்த வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதனால் விசாரணை சீக்கிரமே முடிந்துவிட்டது. குற்றவாளி போர் தண்ணீர். சாஃப்ட்னர் என்ன விலை என்று கடையில் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

மகனுக்கு 26 வயது, நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டிருந்தது. ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம். ஒரு ராத்திரி போன் செய்து, "மாமா, பேசாம முடி நட்டுடலாமா?" என்றான். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எனக்கு 41. 29 வயதிலிருந்து இந்த ஒரு விஷயத்துக்காகப் பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் செலவழித்தவன். மருத்துவன் இல்லை, அனுபவஸ்தன். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரை விடுதலை செய்துவிடலாம். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிடுக்கு விழவைக்கும், நடுவில் உடையவும் வைக்கும். ஆனால் அது பிடரியிலும்தானே விழுகிறது? பிடரி முடி அடர்த்தியாக இருக்க, நெற்றி மட்டும் இரண்டு பக்கமும் மேலே ஏறுகிறது என்றால் காரணம் குழாயில் இல்லை.

அந்த வீட்டில் நடந்தது இரண்டு வேறு வேறு சமாச்சாரம். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளரும் கட்டத்தில் இருக்கும். அந்தக் கட்டம் 2 முதல் 6 வருடம். பிறகு சில வாரம் தயங்கி, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிரும். தினமும் 50 முதல் 100 வரை கொட்டுவது கணக்கில் சேராது. உடம்புக்குப் பெரிய அடி விழுந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். டைபாய்டு, டெங்கு, கொரோனா, பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி டயட், பிரசவம் எல்லாம் அப்படிப்பட்ட அடிகள். கூட்டமாக ஓய்வுக்குப் போனவை இரண்டு மூன்று மாதம் கழித்துக் கூட்டமாக உதிரும். "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்" என்று பாட்டிமார் சொல்வது இந்த மூன்று மாதக் கணக்கைத்தான்.

அக்காவுக்குச் சித்திரைக் கடைசியில் டைபாய்டு. ஆடியில் கொட்டல். காய்ச்சல் மறந்துபோயிருந்தது, தண்ணீர் கண் முன்னால் இருந்தது. இந்த வகைக் கொட்டல் பயமுறுத்தும், ஆனால் வழுக்கையாக்காது. காரணம் விலகினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நிற்கும்.

அக்கா மகனுக்கு நடப்பது பரம்பரை வழுக்கை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை உடம்பில் உள்ள ஒரு நொதி டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான வடிவமாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள சில மயிர்க்கால்களுக்குப் பிறவியிலேயே அது ஒத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடி ஆகிறது. இதில் ஹார்மோனின் பங்கைக் காட்டியவர் அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன். பருவம் வருமுன் விதைகள் நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942ல் எழுதினார். அம்மாவின் அப்பாவைப் பார்த்தால் தெரியும் என்பது பாதி உண்மை. ஒரு முக்கியமான மரபணு தாய்வழி வருகிறது, ஆனால் அப்பா பக்கமும் சும்மா இருப்பதில்லை.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். சல்லடையில் எத்தனை முடி என்று எண்ணுவது அக்காவுக்குப் பொருந்தும், மகனுக்குப் பொருந்தாது. அவன் தலையில் பெரிய பிரச்சினை உதிர்வது அல்ல, மெலிவது. ஒரே வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டோ எடுத்தால்தான் தெரியும்.

இனி அவன் கேட்ட கேள்வி. மூன்று படம் வாட்ஸ்அப்பில் அனுப்பியதுமே ஒரு கிளினிக்கிலிருந்து பதில் வந்திருந்தது. 2,500 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக்கொத்து), 75 ஆயிரம், இந்த வாரம் புக் செய்தால் பி.ஆர்.பி. என்ற ரத்த ஊசி இலவசம். யாரும் அவன் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வயதைக்கூடக் கேட்கவில்லை. வயதுதான் இதில் முதல் கேள்வி.

நடுவது என்றால் புதிதாக முடி உண்டாக்குவது இல்லை, இடம் மாற்றுவது. பிடரி முடியை எடுத்து நெற்றியில் வைத்தாலும் அது பிடரிக் குணத்தோடுதான் வாழும், டி.எச்.டி.யைக் கண்டுகொள்ளாது. இதை 1959ல் விளக்கி எழுதியவர் நியூயார்க்கின் நார்மன் ஓரன்ட்ரைக். இன்று தோலை ஒரு பட்டையாக வெட்டியெடுத்துப் பிரிப்பது ஒரு முறை, ஒரு மில்லிமீட்டர் அளவுக் குழலால் ஒவ்வொன்றாக எடுப்பது இன்னொன்று. முதலாவதில் பிடரியில் கோடாகத் தழும்பு நிற்கும். இரண்டாவதில் புள்ளி புள்ளியாகத் தழும்பு, பெரும்பாலும் தலையை மழிக்கவும் வேண்டும். எந்த முறையானாலும் பிடரி ஒரு கிணறுதான், ஊறாத கிணறு. ஆயுள் முழுக்க அதிலிருந்து சில ஆயிரம் கிராஃப்ட்தான் இறைக்கலாம்.

26 வயதில் நெற்றி ஏறுகிறவனுக்கு 40 வயதில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கு 2,500ஐ முன்னால் அடர்த்தியாக வைத்துவிட்டால், நட்டது அப்படியே நிற்கும். அதன் பின்னால் இருக்கும் சொந்த முடி விலகிக்கொண்டே போகும். பத்து வருடத்தில் முன்னால் ஒரு வேலி, பின்னால் காலி மனை. அதை நிரப்பப் பிடரியில் சரக்கு மிச்சமிருக்க வேண்டும். அதனால்தான் பொறுப்பான மருத்துவர்கள் சின்ன வயதுக்காரர்களை முதலில் மருந்தில் ஒரு வருடமாவது வைத்துப் பார்க்கிறார்கள். நட்ட பிறகும் சொந்த முடியைக் காக்க அதே மருந்து தேவைப்படும். "ஒரே தடவை செலவு, மாமா" என்று அவன் சொன்ன வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

காலக் கணக்கும் அவனுக்கு எதிராகத்தான் இருந்தது. நட்ட முடி இரண்டு நாலு வாரத்தில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முளைக்க ஆரம்பித்து, முழுத் தோற்றம் வர ஒரு வருடம் ஆகும். ஆடியில் நட்டால் ஆவணி நிச்சயத்தில் மழித்த தலையும் சிவந்த நெற்றியுமாக உட்கார வேண்டும். வருகிற ஒவ்வொருவரும் "பழனியா, திருப்பதியா?" என்பார்கள். அதைவிட மோசமாக, வீட்டில் என்ன துக்கம் என்று விசாரிப்பார்கள். தையில் பாதி வளர்ந்த பயிரோடு மணமேடை.

யார் கையால் செய்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். 2016ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். மருத்துவம் படித்தவருக்கே அந்த நிலை. 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் வேடிக்கை பார்த்தோ இதைக் கற்றதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்றே எழுதவேண்டி வந்தது. மரப்பு ஊசியின் அளவு, அவசர நேரத்தைச் சமாளிக்கும் வசதி, டெக்னீஷியன் எதைச் செய்வார், டாக்டர் எதைச் செய்வார் என்பவற்றை நேரில் கேட்டுப் பதில் வாங்காமல் முன்பணம் கட்டக் கூடாது.

35 வயதுக்கு மேல், வழுக்கை ஓரளவு நிலைத்து நின்று, பிடரி தாராளமாக உள்ளவருக்கு நடுவது நல்ல வழிதான். என் நண்பர் ஒருவர் 38ல் நட்டுக்கொண்டார். தெரிந்தவர்களுக்குக்கூட நட்டது என்று தெரியாத அளவு இயல்பாக இருக்கிறது.

மருந்தில் முதல் பெயர் மினாக்ஸிடில். ரத்த அழுத்தத்துக்காக வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி முளைத்ததால் தலையில் தடவும் மருந்தாக மாறி, 1988ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காலை ஒரு மில்லி, இரவு ஒரு மில்லி. 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம். டி.எச்.டி.யை அது தொடுவதில்லை, முடியின் வளர்கட்டத்தை நீட்டுகிறது. முதல் இரண்டு மாதத்தில் கொட்டல் கூடும். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளுவதால் அப்படி. பல பேர் இங்கேதான் பாட்டிலைக் குப்பையில் போடுகிறார்கள், நான் உட்பட. நான்கு முதல் ஆறு மாதத்தில் பலன் தெரியும். நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் வந்த பலன் போய்விடும். சொந்த வீடு இல்லை, வாடகை வீடு. அரிப்பும் பொடுகும் வந்தால் திரவத்துக்குப் பதில் நுரை வடிவம் கேட்டு வாங்கலாம். வீட்டில் பூனை இருந்தால் கவனம், இந்த மருந்து பட்ட தலையணையை நக்கினால்கூடப் பூனைக்கு விஷம்.

குறைந்த அளவு மினாக்ஸிடிலை மாத்திரையாகத் தருவது இப்போது பரவியிருக்கிறது. தடவும் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் கால் வீக்கம், படபடப்பு, முகத்தில் முடி வரலாம். இதய நோய் இருப்பவர்கள் கடைக்காரர் பேச்சைக் கேட்டு இதைத் தொடவே கூடாது.

அடுத்தது ஃபினாஸ்டிரைடு. 1 மில்லிகிராம், தினம் ஒன்று, ஆண்களுக்கு. டி.எச்.டி.யை உண்டாக்கும் நொதியையே தடுக்கிறது, அதாவது காரணத்தில் கைவைக்கிறது. இதன் பின்கதை எனக்குப் பிடிக்கும். டொமினிகன் குடியரசில் சில குடும்பங்களில் அந்த நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) சின்னதாக இருந்தது, வழுக்கை விழவில்லை. 1974ல் வெளியான அந்த ஆய்வு இப்படியொரு மருந்து தேடும் யோசனைக்கு விதை போட்டது. 1992ல் புராஸ்டேட் வீக்கத்துக்கும் 1997ல் வழுக்கைக்கும் அனுமதி. இரண்டு வருடச் சோதனையில் இதைச் சாப்பிட்டவர்களில் 100க்கு 83 பேருக்கு உச்சியில் முடி எண்ணிக்கை குறையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 28 பேர்தான். பிடித்து நிறுத்துவதில் இதற்கு இணையாக எண்ணெயும் இல்லை, ஊசியும் இல்லை.

அப்படியானால் ஏன் தயக்கம்? ஆசைக் குறைவு, விறைப்புக் குறைவு, விந்து அளவு குறைவு. அனுமதிக்கு முந்தைய சோதனைகளில் இப்படிப் பாலியல் குறை சொன்னவர்கள் 100க்கு 4 பேருக்குச் சற்றுக் குறைவு, வெற்று மாத்திரைக்காரர்களில் 2 பேர். எண்ணிக்கை சிறியது. ஆனால் நிறுத்திய பின்னும் தொடர்ந்ததாகச் சிலர் சொல்கிறார்கள், அதைத் தள்ளிவிட முடியாது. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுதான் என்று 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது, ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். வயதானவர்களுக்குப் புராஸ்டேட் நோயைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்த அளவை இது பாதியாகக் காட்டும், புராஸ்டேட் பார்க்கும் டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

புது மாப்பிள்ளைக்கு இது சாதாரண முடிவு இல்லை. கல்யாணமான முதல் மாதத்தில் ஏதாவது தடுமாற்றம் வந்தால், அது பதற்றமா மருந்தா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. "சாப்பிடு, ஆனா கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காதே. ஒண்ணு இப்பவே ஆரம்பிச்சு ஆறு மாசம் பாரு, இல்லேன்னா கல்யாணம் முடிஞ்சு அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டு ஆரம்பி" என்றேன். ஃபினாஸ்டிரைடும் மினாக்ஸிடிலும் சேர்ந்த தடவுமருந்து இருக்கிறதே என்றான். ரத்தத்தில் குறைவாகச் சேரும், சேராமல் இல்லை. தலையணை வழியாக மனைவி மேல் படக்கூடிய மருந்து என்பதையும் யோசிக்க வேண்டும்.

பி.ஆர்.பி. பற்றி ஒரு பத்தி போதும். உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. சிலருக்குப் பலன் தெரிகிறது. ஆனால் இடத்துக்கு இடம் தயாரிக்கும் விதம் மாறுகிறது, திரும்பத் திரும்பப் போட வேண்டும், விலையும் அதிகம். மருந்தோடு துணைக்கு வைக்கலாம், மருந்துக்குப் பதிலாக இல்லை.

எண்ணெயைச் சொல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் போட்டு அவள் காய்ச்சிக் கொடுத்ததை இரண்டு வருடம் விடாமல் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கும், இருக்கும் முடி உடையாமல் காக்கும். மயிர்க்கால் சுருங்குவதை அது தடுக்காது. எண்ணெய் தேய்த்ததில் வருத்தமில்லை. மருந்து நன்றாக வேலை செய்திருக்கக்கூடிய இரண்டு வருடத்தை அதற்குக் கொடுத்ததில்தான் வருத்தம். இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் வரிசையில் வழுக்கையும் இருக்கிறது. அப்புறமும் டிவியில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியும்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படித்தான். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் தடிமனாகத் தெரிகிறது. பழனி முருகனுக்கு நேர்ந்திருந்தால் போடுங்கள், வளர்ச்சிக்காக வேண்டாம்.

அக்கா கதைக்கு வருகிறேன். அவளுக்கு மினாக்ஸிடிலும் வேண்டாம், நடுவதும் வேண்டாம். வேண்டியது ரத்தப் பரிசோதனை. ஆனால் அவள் அதற்கு முன்பே யாரோ சொல்லி பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். தைராய்டு பார்த்தபோது அதிகமாகச் சுரப்பது போல ரிப்போர்ட் வந்தது. வீடே கலங்கியது. தோல் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "முடிக்கு ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?" அதிக அளவு பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றும். நிறுத்திவிட்டு சில நாள் கழித்துப் பார்த்ததில் தைராய்டு சரியாகவே இருந்தது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின்தான் 14. ஹீமோகுளோபின் பரவாயில்லை, ஆனால் சேமிப்பு தரைதட்டியிருந்தது. இரும்பு மாத்திரை, முட்டை, பருப்பு, பொறுமை. அவளுக்கு அவ்வளவுதான்.

பெண்களுக்கும் பரம்பரை மெலிவு உண்டு. நெற்றிக்கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகும். அவர்களுக்குத் தடவும் மினாக்ஸிடில்தான் முதல் மருந்து, கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் தவிர. மாதவிலக்குத் தவறுவதும் தாடையில் முடி வருவதும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டியையும் பார்க்க வேண்டும். இழுத்துக் கட்டும் கொண்டையாலும் கனமான சவரியாலும் காதோரம் விலகுவது வேறு, அதற்கு முதல் வைத்தியம் கட்டைத் தளர்த்துவதுதான்.

வட்டமாக, காசு அளவுக்கு வழவழவென்று விழுந்தால் அது புழுவெட்டு. புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, உடம்பின் காவல் படையே மயிர்க்காலைத் தாக்குவது. சின்ன வட்டம் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானே மூடிக்கொள்ளும், அந்தப் பெருமையை அதில் தேய்த்த சின்ன வெங்காயம் தட்டிச் செல்கிறது. மூடாவிட்டால் வட்டத்தில் ஸ்டீராய்டு ஊசி. தலை முழுக்கப் பரவியவர்களுக்கு 2022ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகள் உண்டு, அவை கண்காணிப்போடு மட்டும். இதையெல்லாம்விட அவசரம் ஒன்று இருக்கிறது. உதிர்ந்த இடம் எரிந்து, வலித்து, பளபளவென்று தழும்பு போல ஆனால் அந்த மயிர்க்கால் நிரந்தரமாகச் சாகிறது. எண்ணெய் தேய்த்துக் காத்திருக்க அங்கே நேரமில்லை.

கல்யாண நாளுக்கு மட்டும் என்றால் வழிகள் சுலபம். முடி நிறத்திலேயே மெல்லிய இழைத் தூள் இருக்கிறது, மெலிந்த இடத்தில் தூவினால் அடர்த்தியாகத் தெரியும். ஹோமப் புகையும் மணமேடை வியர்வையும் தாங்குமா என்று முன்னாலேயே ஒருநாள் தூவிப் பார்த்துவிட வேண்டும். டோப்பா இன்று ஹேர் பேட்ச் என்ற பெயரில் ரொம்ப மேம்பட்டிருக்கிறது. ஆனால் கல்யாணத்தன்று ஒட்டினால் மறுநாள் கழற்றும்போது புது மனைவிக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். என் தேர்வு எதுவுமில்லாமல் கட்டையாக வெட்டிக்கொள்வது. நீள முடியை முன்னால் இழுத்து மூடுவதுதான் ஏறு நெற்றியை ஊருக்கே காட்டிக்கொடுக்கிறது.

கிளினிக்குக்குப் போகாமல் அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவில் சீட்டு வாங்கிப் பார்த்தான். மினாக்ஸிடிலை ஆடிக் கடைசியில் ஆரம்பித்தான். ஃபினாஸ்டிரைடைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தான். நிச்சயத்துக்குப் போகும்போது கட்டை வெட்டு, நன்றாகத்தான் இருந்தது. பெண்ணிடம் அவனே சொல்லிவிட்டான். அவள் அப்பாவும் அண்ணனும் வழுக்கை, அவளுக்கு இது ஒரு செய்தியாகவே படவில்லை. 75 ஆயிரம் வங்கியில் கிடக்கிறது, முப்பத்தைந்து தாண்டட்டும்.

புரட்டாசிக் கடைசியில் அக்கா போன் செய்தாள். சல்லடையில் நீள முடி ரொம்பக் குறைந்துவிட்டதாம், நெற்றி ஓரத்தில் குட்டி குட்டியாக முளைத்து நிற்கிறதாம். கட்டை முடி மட்டும் போன மாதம் கூடிப்போய், இப்போதுதான் நிற்கிறதாம். இரண்டுக்கும் காரணம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கென்னவோ மழை பெஞ்சு போர்ல தண்ணி மாறிடுச்சுன்னு தோணுதுடா" என்றாள்.